பாண்ட் யாருக்காக வாசிக்குது?

எங்கட பாடசாலைகளில் பாண்ட் வாத்தியக் குழு எதுக்கு இருக்கு என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வரத்தான்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். இல்ல விளையாட்டுப்போட்டி, பரிசளிப்பு விழா, கட்டடத் திறப்பு விழா, எதுவாக இருந்தாலும் வாசலில் பாண்ட் நிற்கும். அழைப்பிதழில் ஒன்பது மணி என்று இருக்கும். பிரதம விருந்தினர் பத்தரைக்கு வருவார். அதுவரைக்கும் தடிச்ச உடுப்போட, தொப்பியோட, வெயிலுக்குள்ள பிள்ளைகள் நிற்பார்கள். அவர் மாலையைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போக மூன்று நிமிசம். அந்த மூன்று நிமிசத்துக்காக மூன்று மாதப் பயிற்சி.

நானும் நாலு வருசம் சைட் ட்ரம் அடிச்சனான். வாத்தியம் பழகின காலம் எனக்கு மிகவும் பிடித்த காலம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாலு வருசத்தில் நாங்கள் யாருக்காக வாசித்தோம் என்று பட்டியல் போட்டால் அரசியல்வாதிகள், அதிகாரிகள், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவர்கள் என்றுதான் அது போகும். வாசிப்பு தேவைப்பட்ட ஒருவர்கூட அதில் இல்லை.

அதனால்தான் எங்காவது ஒரு பாண்ட் பிள்ளை எழும்பி, "சேர், இந்தமுறை ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு நாங்கள் வாசிக்கேக்க ஒரு உண்டியலைக் கொண்டுபோய், சேருற காசை ஆஸ்பத்திரிக்குக் குடுப்பமா?" என்று கேட்டால் எனக்கு அது பெரிய விசயமாகப் படுகிறது. அந்தக் கேள்வி பாண்ட் எதற்கு இருக்கிறது என்பதையே மாற்றிவிடுகிறது. இப்போது அப்படிக் கேட்கிற பெடியளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் முழுதாக அவர்கள் பக்கம். ஆனால் அந்தக் கேள்விக்கு நாங்கள், அதாவது பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள், கம்பஸ் பெடியள் எல்லோரும், கொடுக்கிற விடைதான் பல நேரம் பிழைத்துப் போகிறது. அதைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கு.

முதலில் ஒன்று. "பிள்ளைகள் வாத்தியத்தோட போய்க் காசு சேர்க்கிறதா, எங்கட பாடசாலைக்கு இது என்ன பழக்கம்?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. நாங்கள் ஊதுகிற ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் பிரித்தானியாவிலிருந்து வந்த மரபு. அங்கே 19 ஆம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் தங்கள் ஊர்களில் பாண்ட் வைத்திருந்தார்கள். 1948 இல் தேசிய சுகாதார சேவை வரும்வரைக்கும் அங்குள்ள பல வைத்தியசாலைகள் நன்கொடையில்தான் ஓடின. 'ஆஸ்பத்திரி ஞாயிறு', 'ஆஸ்பத்திரி சனி' என்றெல்லாம் நாள் வைத்து, பாண்ட் முன்னால் வாசித்துப் போக, பின்னால் உண்டியலோடு ஆட்கள் போவார்கள். இரட்சணிய சேனையின் பாண்ட் மரபும் 1878 இல் சாலிஸ்பரியில் ஒரு தகப்பனும் மூன்று மகன்களும் தெருவில் ஊதியதிலிருந்துதான் தொடங்கியது. ஆக, தெருவில் நின்று வாசித்து நோயாளிக்குக் காசு சேர்ப்பது பாண்டுக்குப் புதிய வேலை இல்லை, அதன் பழைய வேலைகளில் ஒன்று.

எங்கட பக்கமும் இது புதிதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1940 களில் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரி செய்தார். யாழ்ப்பாணத்தில் 'கட்டட நிதிக்காக' என்று டிக்கெட்டில் அடித்து நாடகம் போட்ட கதைகளை எங்கட அப்பப்பா அம்மம்மாக்களிடம் கேட்கலாம். கலையைக் கொடுத்துக் காசு சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேர்ந்த காசுக்கு என்ன நடந்தது என்று சொல்லாமல் விடுவதில்தான் வெட்கம் இருக்கிறது.

அதுக்கு உலகத்தில் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1970 நவம்பரில் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் அடித்தது. அடுத்த வருசம் விடுதலைப் போர். இலட்சக்கணக்கில் மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். சித்தார் மேதை ரவிசங்கர், தன் நண்பர் ஜோர்ஜ் ஹரிசனிடம் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டார். 1971 ஓகஸ்ட் 1 ஆம் திகதி நியூயோர்க் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில் பகல் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. வாசல் டிக்கெட்டில் சேர்ந்த ஏறத்தாழ இரண்டு இலட்சத்து 43 ஆயிரம் டொலர் யுனிசெப்புக்குப் போனது. இதுவரைக்கும் சந்தோசமான கதை. பிறகு இசைத்தட்டும் திரைப்படமும் வந்தன, அவற்றில்தான் பெரிய காசு. ஆனால் வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காததால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி வருசக்கணக்காக அமெரிக்க வரித் திணைக்களத்தோடு இழுபட்டுக்கொண்டு கிடந்தது. பசித்த பிள்ளைக்குச் சேர்த்த காசு ஒரு கடுதாசி இல்லாததால் நின்றுவிட்டது. மனசில் யாருக்கும் குறை இல்லை, வாசிப்பிலும் குறை இல்லை. கடுதாசி வேலையில்தான் குறை.

ஜோர்ஜ் ஹரிசனுக்கே அப்படி என்றால், ஏ.எல். படிக்கிற பாண்ட் லீடருக்கு எப்படி இருக்கும்?

எங்கட நாட்டிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. 2011 யூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆட்கள் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றைக் கட்டுவதுதான் நோக்கம். 2016 இல் அதே நடையை மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்தார்கள். அது காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. அதே 2016 இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேனர் வாங்க, ஏறத்தாழ 20 கோடி ரூபா இலக்கோடு நாடு முழுக்கக் காசு சேர்ந்தது. சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பார்க்காமல் பாடசாலைப் பிள்ளைகள்கூடக் கொடுத்தார்கள். இவை ஏன் சரிவந்தன? என் கணிப்பு இதுதான்: என்ன வாங்கப் போகிறோம், எங்கே வைக்கப் போகிறோம், எவ்வளவு தேவை என்று மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் விடை இருந்தது. கொடுத்தவருக்குத் தன் நூறு ரூபா எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தது.

இப்ப எங்கட வழக்கமான 'சரிட்டி ஷோ'வைப் பாருங்கள். "வறிய மக்களுக்கு உதவும் முகமாக" என்று பனரில் இருக்கும். எந்த மக்கள், என்ன உதவி? யாருக்கும் தெரியாது. அதோடு, வாத்தியம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏற்கெனவே இருக்க, புதிதாக ஒரு மண்டபம், புதிதாக ஒரு மேடை. கணக்கை ஒருக்கா போட்டுப் பார்ப்பம். இது விளக்கத்துக்கு நான் போடுகிற கணக்குத்தான், ஆனால் இப்படி ஏதாவது ஒழுங்குபடுத்தினவர்களுக்கு ஓரளவு பழக்கமாகத்தான் இருக்கும். 500 ரூபாப்படி 400 டிக்கெட் விற்றால் இரண்டு இலட்சம் வரும். சவுண்ட், லைட்டுக்கு 80,000. மண்டபம் 30,000. டிக்கெட், பனர் அச்சடிக்க 20,000. விருந்தினருக்குச் சிற்றுண்டி 25,000. பொன்னாடையும் நினைவுச் சின்னமும் 15,000. குழுவுக்கு டீசேர்ட் 10,000. மிச்சம் 20,000. பிள்ளைகளின் இரண்டு மாத உழைப்பு, 400 பேரின் காசு, கடைசியில் உண்மையான வேலைக்கு வந்தது பத்தில் ஒரு பங்கு. அதிலும் பொன்னாடை யாருக்கு? ஆம், அதே பிரதம விருந்தினருக்கு. பாண்ட் திரும்பவும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு வருகிறது. நோயாளியின் பெயர் பனரில் மட்டும்.

ஆகவே என்னுடைய முதல் வாதம்: புதிதாக ஒன்றும் நடத்த வேண்டாம். பாண்ட் ஏற்கெனவே போகிற இடங்கள் போதும். இல்ல விளையாட்டுப்போட்டிக்கு எப்படியும் பெற்றோர் வருவார்கள். நடைபவனிக்கு எப்படியும் பழைய மாணவர் வருவார்கள். 'வடக்கின் பெரும் போர்' 1904 இலிருந்து நடக்கிற கிரிக்கெட் போட்டி, அதுக்குச் சனம் சேர்க்க யாரும் பனர் கட்டத் தேவையில்லை. மைதானத்தில் பாப்பரே அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும். பெரிய போட்டிக் காலத்தில் சில பாடசாலைப் பெடியள் கொடியோட கடை கடையாகப் போய்க் காசு கேட்பதும், வாகனத்தை மறிப்பதும், அதைக் கண்டு சனம் எரிச்சல்படுவதும் எல்லோருக்கும் தெரியும். அதே பெடியள், அதே கொடி, அதே ட்ரம். ஆனால் உண்டியலில் "இந்த வைத்தியசாலை, இந்த விடுதி, இந்தச் சாமான்" என்று எழுதியிருந்தால் அந்த எரிச்சல் எவ்வளவு குறையும்! மேடைச் செலவு இல்லை, சவுண்ட் செலவு இல்லை. சேர்ந்ததில் ஏறத்தாழ முழுவதும் போய்ச் சேரும்.

இரண்டாவது, கணக்கு. இதில் பாண்ட் பிள்ளைகளுக்கு நேராகவே சொல்கிறேன். அதிபரின் அனுமதியை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். பாடசாலையின் பெயரில் காசு சேர்ப்பதற்கு விதிமுறைகள் இருக்கின்றன, பிறகு பிரச்சினை வந்தால் மாட்டுப்படுகிறது நீங்களும் பொறுப்பாசிரியரும்தான். உண்டியலைப் பூட்டி, திறப்பை ஆசிரியரிடம் கொடுங்கள். எண்ணும்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், ஆனால் எண்ணுகிறது நீங்களாக இருங்கள். அன்றைக்கே தொகையை எழுதி மூன்று பேர் கையெழுத்து வையுங்கள். ஒரு கிழமைக்குள் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவு, என்ன வாங்கினோம், எங்கே கொடுத்தோம், பற்றுச்சீட்டின் பிரதி. முடிந்தால் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்திலும் போடுங்கள். இதை யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். கேட்காமலே போடுங்கள். அடுத்த வருசம் உங்கள் தம்பி தங்கச்சிமார் உண்டியலோடு வரும்போது சனம் கையைச் சட்டைப்பைக்குள் விடுவதும் விடாததும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

மூன்றாவது, எனக்கு மிகவும் மனவருத்தமான விசயம். ஒரு நிகழ்வில் நான் பார்த்தது. சிறுவர் இல்லம் ஒன்றிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து மேடையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை, உள்ளே கொப்பியும் பேனையும். கொடுக்கிறவர் பையை விடவில்லை, கமராக்காரர் "இஞ்ச பாருங்கோ" என்று சொல்லும்வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் பாண்ட் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அடுத்த நாள் தன் வகுப்பில் அந்தப் படத்தை யாராவது பார்ப்பார்கள் என்று அந்த வயதுப் பிள்ளைக்கு வடிவாகத் தெரியும்.

அன்றைக்கு வாசித்த இசை அந்தப் பிள்ளைக்காக வாசிக்கப்பட்டதில்லை, அந்தப் படத்துக்காக வாசிக்கப்பட்டது. நாங்கள் செய்யும் உதவிக்கு விலையாக ஒரு சின்னப் பிள்ளையின் முகத்தைக் கேட்கிறோம் என்றால் அது கொஞ்சம் அநியாய விலை. வாங்குகிறவரை மேடைக்கு அழைக்காதீர்கள். சாமானை உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, பொறுப்பானவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். படம் வேண்டும் என்றால் சாமானைப் படம் எடுங்கள், பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள். வாசித்த உங்களைப் படம் எடுங்கள், அதில் பிழையில்லை.

இதுக்கு எதிர்ப்பாக வருகிற கதைகள் சில உண்டு. "இந்தப் பிள்ளையள் வெளிநாட்டுக் கம்பஸுக்கு விண்ணப்பிக்க, சீ.வீ.யில போடத்தான் இதெல்லாம் செய்யுதுகள்" என்பது ஒன்று. இருக்கலாம். சிலர் அப்படித்தான். ஆனால் விடுதியில் கிடக்கிற நோயாளிக்கு மெத்தை வந்ததா என்பதுதான் முக்கியம், மெத்தை வாங்கிய பிள்ளை எங்கே விண்ணப்பம் போட்டது என்பதில்லை. மனசை அளக்க எங்களிடம் கருவி இல்லை. கணக்கை அளக்கலாம். அதை அளப்பம்.

"படிக்கிற வயசில் இது எதுக்கு?" என்பது இன்னொன்று. விருந்தினருக்காக வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நிற்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அது மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது எதிர்ப்பு எங்கட கலைப்பீட வட்டத்தில் அதிகம் கேட்பது, அதில் நியாயமும் இருக்கிறது: "இலவச சுகாதாரம் அரசாங்கத்தின் கடமை. ஆஸ்பத்திரிக்கு மெத்தை வாங்க ஏன் பாடசாலைப் பிள்ளை ட்ரம் அடிக்க வேணும்? நீங்கள் கொடுக்கக் கொடுக்க அவங்கள் தப்பிக்கிறாங்கள்." உண்மைதான். தர்மம் உரிமைக்குப் பதிலாக முடியாது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்லிவிட்டு நாங்கள் கன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த விடுதியில் மெத்தை இன்னும் இல்லை. இரண்டையும் செய்யலாமே. அறிவித்தல் பலகையில் ஒட்டுகிற அதே தாளில் கடைசியாக ஒரு வரி சேருங்கள்: "இந்தச் சாமான் ஏன் இதுவரை அங்கே இருக்கவில்லை?" அந்தக் கேள்வியை ஒரு பதினாறு வயசுப் பிள்ளை கேட்கப் பழகினால், அது நாங்கள் எழுதுகிற பத்துக் கட்டுரைக்குச் சமன்.

கடைசியாக, காசே தேவைப்படாத ஒரு உதவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கட மாவட்டங்களில் பாண்ட்களுக்கிடையில் இருக்கிற வித்தியாசம் பெரியது. ஒரு பாடசாலையில் ட்ரொம்போன், யூஃபோனியம் எல்லாம் வரிசையாக அலுமாரிக்குள் இருக்கும். பழைய மாணவர்கள் அனுப்பியவை, சிலது பெட்டிகூடத் திறபடவில்லை. கொஞ்சத் தூரம் தள்ளி இன்னொரு பாடசாலையில் நாலு மெலோடிகாவும் தோல் கிழிந்த ஒரு பேஸ் ட்ரமும். இரண்டாவது பாடசாலைப் பிள்ளைக்குக் காது இல்லாமலில்லை, கையும் இல்லாமலில்லை. வாத்தியமும் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை, அவ்வளவுதான். இசை தெரிந்த ஒரு மாணவன் அல்லது மாணவி சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் அங்கே போய், வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது, மூச்சை எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுத்தால் அதுக்கு உண்டியல் தேவையில்லை. சும்மா கிடக்கிற ஒரு ட்ரம்பெட்டை எழுத்தில் பதிந்து ஆறு மாதத்துக்கு இரவல் கொடுக்கலாம். பிறகு இரண்டு பாடசாலைகளும் சேர்ந்து ஒரு நடைபவனியில் வாசிக்கலாம். அப்போது கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற பேச்சே இல்லாமல் போய்விடும். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

முதலாம் தவணை வரப்போகிறது. விளையாட்டுப்போட்டிக் காலம், பெரிய போட்டிக் காலம். எப்படியும் பயிற்சி தொடங்கும், எப்படியும் பழைய உடுப்பு அலுமாரியிலிருந்து இறங்கும். இதை வாசிக்கிற பாண்ட் பிள்ளை யாராவது இருந்தால், பயிற்சி தொடங்க முதல் பக்கத்து வைத்தியசாலைக்கு இரண்டு பேராகப் போய் விடுதிக்குப் பொறுப்பான மிஸ்ஸைச் சந்தித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்க உடனடியாத் தேவைப்படுற ஒரு சாமான் என்ன, அதின்ர விலை என்ன?" அந்த விடையை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதிபரிடம் போகும்போது அந்தக் கொப்பியோட போங்கள். 'வறிய மக்களுக்கு உதவும் முகமாக' என்று சொல்லிப் போகிறதைவிட அது நல்லாக் கதைக்கும்.

பிரதம விருந்தினரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பரவாயில்லை. ஆனால் அவர் மேடைக்குப் போக முதல், அவருக்கு முன்னால் அந்த உண்டியலை ஒருக்கா நீட்டுங்கள்.